ஒரு கலை, ஒரு கோயில்: ஜப்பானிய மரபுக் கலையும் ஜென்னும் கற்கப் போகும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குக் கலை கற்கக் கிளம்பும் மாணவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. திங்கள் காலை தேநீர்ச் சடங்கு, மாலை கிமோனோ, செவ்வாய் தூரிகை எழுத்து, புதன் மலர் அலங்காரம், வியாழன் ஒரு மணி நேர ஜென் தியானம். ஊர் திரும்பும்போது கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கும், கையில் ஒரு கலையும் படிந்திருக்காது.

மூன்று வாரம் கியோட்டோவில் ஒரே அறையில் தங்குங்கள், ஒரே கலையை ஒரே ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள், ஒரே கோயிலுக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்காருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்தக் கலைகள் வடிவத்தை முதலில் கையில் ஏற்றி, விளக்கத்தைப் பின்னால் தருபவை. சரளிவரிசை பாடும் பிள்ளையிடம் யாரும் ராக இலக்கணம் பேசுவதில்லை அல்லவா? அதே முறைதான். ஒரே அசைவை ஐந்தாறு வகுப்புகளில் திரும்பச் செய்தவருக்குக் கிடைப்பது, ஐந்தாறு கலைகளைத் தலா ஒரு மணி நேரம் தொட்டவருக்குக் கிடைக்காது.

முதல் படி: கலையைத் தேர்ந்தெடுப்பது

ஜப்பானிய மரபுக் கலை எல்லாமே ஜென் என்ற பௌத்த மரபிலிருந்து பிறந்தது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தேநீருக்கும் ஜென்னுக்கும் உள்ள உறவு நிஜமானது. சீனாவில் பயின்று 1191இல் திரும்பிய எய்சாய் என்ற துறவி தேயிலையின் சிறப்பைப் பரப்பினார். 1202இல் அவர் நிறுவிய கென்னின்ஜி கோயில் இன்றும் கியோட்டோவின் நடுவே இருக்கிறது. தேநீர்க்கலைக்கு முழு உருவம் தந்த சென் நோ ரிக்யூ, டைட்டோகுஜி கோயிலில் ஜென் பயின்றவர். அந்தக் கோயிலின் வாயில் மாடத்தில் அவருடைய சிலையை வைத்தார்கள். ஆட்சியாளர் ஹிதேயோஷியின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. 1591இல் ரிக்யூ தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட நேர்ந்தது.

இக்கெபானா என்ற மலர்க்கலையின் வேர் புத்தருக்குப் பூ வைக்கும் வழிபாட்டில் இருக்கிறது. ரொக்காகுதோ கோயிலைச் சேர்ந்த இக்கெனோபோ சென்கெய் என்ற துறவி பூ அமைத்த திறனைப் பார்க்க ஊரே திரண்டதாக 1462ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்தக் கோயில் ஜென் கோயில் அன்று. வில்வித்தை போர்வீரர்களின் பயிற்சி. அதை ஜென் கலையாகவே பேசும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. தொடக்க மாணவரை இலக்குப் பலகை முன் நிறுத்தவே பல வாரம் ஆகும் என்பதால், மூன்று வாரப் பயணத்துக்கு அது சரிவராது. மட்பாண்டம் உலர்ந்து, சுட்டு, மெருகேறி வருவதற்குள் உங்கள் விமானம் கிளம்பிவிடும்.

என் பரிந்துரை ஷோதோ, அதாவது தூரிகை எழுத்து. கருவிகள் ஒரு பையில் அடங்கும், ஊருக்கு வந்தும் தொடரலாம், முதல் நாள் தாளையும் கடைசி நாள் தாளையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மண்டியிட்டு உட்காரும் பழக்கமும் பொறுமையும் உள்ளவர்கள் தேநீரை எடுக்கலாம். அதற்குச் செலவு கூடும்.

இரண்டாம் படி: காலம்

ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரை ஜப்பானுக்குத் தொடர் விடுமுறை. ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது. மழைக்காலம் ஜூனில் தொடங்கும். ஆகஸ்டில் கியோட்டோ வெந்து கொதிக்கும். நம் கல்லூரிகளுக்கு ஏற்றது மே 10க்குப் பிறகு. தேநீர் பயில்கிறவர்களுக்கு மே இன்னொரு வகையிலும் நல்லது. குளிர்காலம் முழுவதும் தரையில் பதித்திருந்த அடுப்பை மூடிவிட்டு, மேலே வைக்கும் சிறு கணப்புக்கு மாறும் மாதம் அது. தேநீர் கலக்கும் முறையே அதோடு மாறும் என்பதால் ஆசிரியர்கள் எல்லோருக்கும் அடிப்படையிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுப்பார்கள்.

எழுத்துக்கலை மாணவருக்கு ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். மைக்கட்டிக்குப் பெயர்போன நாரா நகரில் குளிர் மாதங்களில்தான் மை தயாராகும். விளக்குப் புகைக்கரியோடு விலங்குப் பசையைக் கலந்து பிசைவது அந்தத் தொழில். கோடையில் பசை கெட்டுப்போகும். 1577 முதல் நடந்துவரும் கொபைஎன் என்ற மைக்கடை அங்கே இருக்கிறது. கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நாரா போய்விடலாம். ஆனால் கோயில் கூடங்களில் கணப்பு இருக்காது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியாவது வேண்டும்.

மூன்றாம் படி: விசா

மூன்று வாரத்துக்குக் குறுகிய காலச் சுற்றுலா விசா போதும். ஒருமுறை நுழைவுக்கான விசா வழங்கிய நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும் என்பதால் மிக முன்கூட்டியே வாங்கிவைக்காதீர்கள். எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற நாள்வாரி அட்டவணை, கல்லூரியில் படிப்பதற்கான சான்று, பெற்றோர் செலவை ஏற்பதானால் அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கேட்கப்படும். அட்டவணையில் ஒரே ஊரும் ஒரே முகவரியும் இருப்பது வேலையை எளிதாக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் பயில விரும்புகிறவர்களுக்குப் பண்பாட்டுச் செயல்பாடுகளுக்கான தனி விசா உண்டு. ஜப்பானியக் கலையை வல்லுநரிடம் ஊதியமின்றிக் கற்போருக்கானது. அதற்கு அங்குள்ள ஆசிரியரோ நிறுவனமோ துணை நின்று குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்று பெற்றுத் தர வேண்டும். தேநீரில் ஆழமாக இறங்க விரும்புவோருக்கு, தேநீர்க்கலையைத் தலைமுறைகளாகக் கற்பிக்கும் கியோட்டோவின் உராசென்கே குடும்பம் வெளிநாட்டவருக்கென்று நடத்தும் மிதோரிகாய் என்ற பயிற்சி இருக்கிறது. முதல் பயணத்திலேயே அதற்கு முயலத் தேவையில்லை. இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஊரிலேயே மூன்று மாதத் தயாரிப்பு

பலரும் தாண்டிப்போகும் படி இது. பயணத்தின் பயனில் பாதி இங்கே தீர்மானமாகிறது.

நாம் சாப்பிட உட்காரும் சம்மணத்தில் முட்டிகள் தரையிலிருந்து எழும்பி நிற்கும். ஜென் அமர்வில் இரண்டு முட்டியும் பாயில் படிய வேண்டும், குறைந்தது ஒரு பாதமாவது எதிர்த்தொடைமேல் ஏற வேண்டும். இரு முட்டி, பிட்டம் என்று மூன்று இடத்தில் உடல் எடை இறங்கினால்தான் முதுகு தானாக நிமிரும். பிட்டத்தின் கீழ் நான்கைந்து விரல் உயரத்துக்குப் போர்வையை மடித்து வைத்து, தினமும் 20 நிமிடம் உட்காருங்கள். தேநீர் கற்கப் போகிறவர்கள் கூடவே மண்டியிட்டுக் குதிகால்மேல் அமரும் செய்ஸாவையும் பழக வேண்டும். ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டினால் மூன்று மாதத்தில் அரை மணி நேரம் தாங்கும்.

வழிகாட்டி வேண்டுமானால் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. ஜப்பானின் காமாகுராவில் யமதா கோஉன் என்ற ஜென் ஆசானிடம் பயின்ற இயேசு சபைத் துறவி ஆமா சாமி தொடங்கிய இடம். சில நாள் அங்கே தங்கி உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் கியோட்டோவின் கூடத்தில் திணற மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் பேராசை வேண்டாம். ஹிரகானா, கதகானா எழுத்துகளும் வகுப்பறைச் சொற்கள் ஐம்பதும் போதும். சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. அதன் தொடக்க நிலையான என்5 பாடத்திட்டத்தில் பாதியை முடித்தாலே ஆசிரியர் முகத்தில் மலர்ச்சி தெரியும்.

ஐந்தாம் படி: ஆசிரியரைக் கண்டடைவது

கியோட்டோவில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு மணி நேர வகுப்புகள் தெருவுக்குத் தெரு உண்டு. அறிவிப்புகளில் அவற்றைத் "தைகென்" என்று போட்டிருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது "கெய்கோ", வாரந்தோறும் உள்ளூர்க்காரர்கள் வந்து பயிலும் வகுப்பு. சமூகக் கூடங்களிலும் ஆசிரியர்களின் வீடுகளிலும் நடக்கும். இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை இருப்பீர்கள், ஏன் இந்தக் கலை என்று நான்கு பத்திக்குள் முடியட்டும். மூன்று வாரத்துக்கு மட்டும் வரும் மாணவரை ஏற்கத் தயங்குவது இயல்பு. வாரம் இரண்டு வகுப்புக்கு வருவேன், ஊருக்குப் போன பிறகும் எழுதிய தாள்களை அனுப்புவேன் என்று சொன்னால் தயக்கம் குறையும். சொன்னால் செய்யவும் வேண்டும்.

கட்டணத்தை வெறும் கையில் நீட்டாதீர்கள். மடிப்பில்லாத நோட்டுகளை உறையில் இட்டு, உங்கள் பெயரை எழுதி, இரு கைகளாலும் கொடுப்பது வழக்கம். ஐந்து நிமிடம் முன்னதாக வாசலில் நில்லுங்கள். கால்மணி முன்னதாகப் போய்விட்டால் தெருவிலேயே காத்திருங்கள்.

ஆறாம் படி: முதல் வகுப்பு

எழுத்துக்கலை வகுப்பை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் கறுப்புக் கம்பளித் துணி, அதன்மேல் மெல்லிய தாள், தாளின் தலைப்பில் உலோகப் பளு. வலப்புறம் கல் தட்டு. அதன் ஒரு பாதி மேடு, மறு பாதி பள்ளம். மேட்டை நிலம் என்றும் பள்ளத்தைக் கடல் என்றும் அழைக்கிறார்கள். நிலத்தில் சில துளி நீர் விட்டு, மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் மை சொரசொரப்பாக, மணல்போல் வரும். பத்து நிமிடம் தேய்த்தால் கற்பூரம் கலந்த வாசனை எழும், நீர் எண்ணெய்ப் பதத்துக்கு வரும். பிறகு கடலில் தள்ளி மறுபடி சில துளி. புட்டியில் மை விற்கிறது, தினப் பயிற்சிக்கு அதுதான் பலருக்கும். ஆனாலும் வகுப்பின் முதல் கால்மணி நேரத்தைத் தேய்ப்பதற்கே விடும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கை நடுக்கம் அடங்குவது அந்தக் கால்மணி நேரத்தில்தான்.

தூரிகை நேர்குத்தாக நிற்க வேண்டும், முழங்கை மேசையைத் தொடக்கூடாது. முதலில் ஒரே ஒரு கிடைக்கோடு. ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் எழுத்து அது. தூரிகை முனையைச் சாய்வாக இறக்கி, ஒரு கணம் நின்று, வலப்புறம் இழுத்து, முடிவில் மறுபடி அழுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை. எழுதினால் நடுவில் மெலியும், முனையில் கிழியும். போட்ட கோட்டின்மேல் திரும்பப் போய்த் திருத்தக்கூடாது என்பது உறுதியான விதி. தாளை எடுத்துவைத்துவிட்டு அடுத்த தாளில் தொடங்க வேண்டும். கோடு பழகியதும் "நிலைபேறு" என்று பொருள்படும் எழுத்து வரும். அந்த ஓர் எழுத்துக்குள் அடிப்படை இழுப்புகள் எட்டும் அடங்கியிருப்பதால் நூற்றாண்டுகளாக அதை வைத்தே கற்பிக்கிறார்கள்.

ஆசிரியர் அதிகம் பேச மாட்டார். சிவப்பு மையால் உங்கள் கோட்டின்மேல் தன் கோட்டைப் போட்டுக் காட்டுவார். சில நேரம் பின்னால் வந்து உங்கள் கையோடு சேர்த்துத் தூரிகையைப் பிடித்து இழுப்பார். எவ்வளவு வேகம், எங்கே எவ்வளவு அழுத்தம் என்பது அந்த ஒரு நொடியில் கைக்குப் புரிந்துவிடும். சிவப்பு மை பட்ட தாள்கள் ஒன்றையும் எறியாதீர்கள். தேதியிட்டு அடுக்கிவையுங்கள், அதுதான் உங்கள் பாடநூல்.

தேநீர் எடுத்தவர்கள் முதல் சில வகுப்புகளை விருந்தினராகவே கழிப்பார்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், கிண்ணம் கீறிவிடும். வெள்ளைக் காலுறை மாட்டிக்கொள்ளுங்கள். இனிப்பை முழுவதும் சாப்பிட்ட பிறகே தேநீர் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் "ஓசாகி நி" (உங்களுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன்) என்று சொல்லி, கிண்ணத்தின் அழகிய முகப்பில் வாய் படாதபடி சற்றே திருப்பிக் குடிக்க வேண்டும். கடைசி மிடறைச் சத்தமாக உறிஞ்சுவது அங்கே மரியாதை.

ஏழாம் படி: ஜென் கூடத்தில் உட்காருவது

கியோட்டோவின் ஜென் கோயில்கள் பெரும்பாலும் ஜென்னின் ஒரு கிளையான ரின்சாய் மரபைச் சேர்ந்தவை. கூடத்தின் நடுப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். இன்னொரு கிளையான சோட்டோ மரபில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முதல் முறைக்கு மியோஷின்ஜி வளாகத்தில் உள்ள ஷுன்கோஇன் நல்ல இடம். அங்கே ஆங்கிலத்தில் விளக்கி அமர வைக்கிறார்கள். பிறகு உங்கள் தங்குமிடத்துக்கு அருகில், ஊர்க்காரர்கள் வரும் காலை அமர்வு எந்தக் கோயிலில் எந்தக் கிழமை என்று கேட்டறிந்து அங்கேயே தொடருங்கள். விளக்கம் எதுவும் இருக்காது. அதுவே அங்கே போவதற்கான காரணம்.

கண்ணை மூடக்கூடாது. பாதி திறந்து, ஒரு மீட்டர் முன்னால் தரையில் பார்வையை விட வேண்டும். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை. முழு அமர்வு ஓர் ஊதுபத்தி எரியும் நேரம், ஏறத்தாழ 40 நிமிடம். தொடக்க மாணவர்களுக்குப் பாதி நேரத்தில் ஓய்வு கிடைக்கும்.

தட்டையான கோலோடு ஒருவர் மெல்ல நடந்து வருவார். அது தண்டனை என்று பயப்பட வேண்டாம். பொதுமக்கள் அமர்வில் வேண்டும் என்று கைகூப்புகிறவருக்கு மட்டுமே தோளருகே அடி விழும். சத்தம் பெரிது, வலி சிறிது. இறுகிப்போன தோள் அந்த இடத்தில் இளகிவிடும். நான் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குவேன்.

அரஷியாமாவில் உள்ள தென்ரியூஜி கோயிலின் நுழைவாயிலில் விழி பிதுங்க முறைக்கும் போதிதர்மரின் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அவர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. பழைய சீனக் குறிப்புகளோ அவருடைய பூர்விகம் பற்றி ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. துறவிகளோடு பேச்சைத் தொடங்க அந்த நம்பிக்கை உதவும். உரிமை கொண்டாடும் தொனி மட்டும் வேண்டாம்.

எட்டாம் படி: பார்ப்பது

வகுப்பில்லாத நாட்களில் ஒரு நாளுக்கு ஒரு கோயில் போதும். ரியோவான்ஜியின் கல் தோட்டத்தில் 15 கற்கள், தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம்வரை காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். அப்போதே போய்விட வேண்டும், பத்து மணிக்குமேல் தாழ்வாரத்தில் உட்கார இடமிருக்காது. கற்களை எண்ணி முடித்ததும் எழுந்துவிடாமல் பின்னால் உள்ள மண்சுவரைப் பாருங்கள். மண்ணோடு கலந்த எண்ணெய் காலப்போக்கில் கசிந்து தீட்டிய நிறங்கள் அதில் இருக்கின்றன.

டைட்டோகுஜி வளாகத்தில் டைசென்இன் தோட்டத்தைப் பாருங்கள், அங்கே படம் எடுக்க அனுமதியில்லை. அதே வளாகத்தில் உள்ள ஸுய்ஹோஇன் தோட்டத்தை ஷிகெமோரி மிரெய் 1961இல் அமைத்தார். மரபு 500 ஆண்டுக்கு முன் உறைந்துவிடவில்லை என்பதை ஒரே நடையில் இரண்டையும் பார்த்தால் உணரலாம். எழுத்துக்கலை மாணவர்கள் பாசிக்கோயில் என்று பேர்பெற்ற சைஹோஜிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 1977 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, கட்டணமும் மற்ற கோயில்களைவிடப் பல மடங்கு. சூத்திரத்தைத் தூரிகையால் படியெடுப்பது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி. கற்ற கலைக்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பைக் கையால் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் படி: எய்ஹெய்ஜியில் ஓர் இரவு

மூன்றாவது வாரத்தில் போங்கள். அதற்கு முன் உடம்பு தாங்காது. 1244இல் டோகென் என்ற துறவி நிறுவிய, சோட்டோ மரபின் இரண்டு தலைமை மடங்களில் ஒன்று இது, புகுயி மாகாணத்தின் மலைச்சரிவில் உயர்ந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கியோட்டோவிலிருந்து ட்சுருகா வரை விரைவு ரயில், அங்கிருந்து புகுயி வரை 2024 மார்ச்சில் திறந்த ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதை, பிறகு பஸ். இந்தச் சிறு பயணத்துக்காக 7 நாள் ரயில் பாஸ் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக ஏறிவிட்டது, தனி டிக்கெட்டே மலிவு.

தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். காலை வழிபாட்டில் இளம் துறவிகள் சூத்திர ஏடுகளை ஏந்தி ஓடுவதும் திரும்புவதும் ஒரு தவறான அடிகூட இல்லாமல் நடக்கும். இங்கே தியானக்கூடம், குளியலறை, கழிப்பறை மூன்றிலும் பேசக்கூடாது. மூன்றுக்கும் ஒரே மரியாதை என்பது டோகெனின் நெறி. சமைப்பவருக்கென்றே 1237இல் தனி நூல் எழுதியவர் அவர்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் உணவான ஷோஜின் ரியோரியில் மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு கிடையாது. சைவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். வெளியே நிலைமை வேறு. காய்கறி சூப், நூடுல்ஸ், டோஃபு எதுவானாலும் அடியில் கருவாட்டுச் சாறான தாஷி இருக்கும். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் போதாது, "கட்சுவோ தாஷி வேண்டாம், கோம்பு தாஷி பரவாயில்லை" என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள். கட்சுவோ என்பது மீன், கோம்பு என்பது கடற்பாசி. சோறு பொங்க அடுப்புள்ள தங்குமிடமாகப் பார்த்தால் செலவும் குறையும்.

பத்தாம் படி: கிளம்பும் முன்

தூரிகை, மைக்கட்டி, கல் மூன்றையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கடையில் விலையுயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். தேநீர் மாணவர்கள் தேநீர் கலக்கும் மூங்கில் மத்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம், நாரா அருகே தகயாமாவில் ஒற்றை மூங்கில் துண்டைக் கீறிச் செய்வது. மாட்சா என்ற தேயிலைப் பொடியைச் சிறு டப்பாவாக வாங்குங்கள், திறந்தால் ஒரு மாதத்துக்குள் மணம் போய்விடும்.

ஊர் வந்த முதல் வாரத்தில் ஆசிரியருக்கும் கோயிலுக்கும் கையால் எழுதிய நன்றிக் கடிதம் போக வேண்டும். எழுத்துக்கலை மாணவர் அதைத் தூரிகையால் எழுதட்டும். கோணலாக இருந்தாலும் அனுப்புங்கள், ஆசிரியர் அதில் பார்ப்பது கோட்டைத்தான். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மைக்கட்டியில் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தேய்த்த முனையைத் தாளால் ஒற்றி உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் மரப்பெட்டியில் வையுங்கள். தூரிகையைச் சோப்பு இல்லாமல் அடிமயிர் வரை கழுவி, முனை கீழே தொங்கும்படி நிழலில் உலர்த்துங்கள்.